பழைய டேப் ரெக்கார்டர்ல லூப் போடுறது எப்படி

டேப்ப ஒரு வளையமா ஒட்டி, ஒரே சத்தம் சுத்திச் சுத்தி வர்ற மாதிரி பண்றதுதான் லூப். பாண்டி சண்டே மார்க்கெட்ல பழைய சாமான் விரிச்சிருக்கறவங்ககிட்ட தேடுனா மோனோ டேப் ரெக்கார்டர் சிக்கும். சவுண்டு நல்லா இருக்கான்னுலாம் பாக்காதீங்க, மோட்டார் சுத்துதா, ரெக்கார்ட் பட்டன் அமுங்குதா, பேட்டரில ஓடுமா, அவ்ளோதான் (கரன்ட்ல சொருகிட்டு உள்ள கைய விடுற வேலையே வேணாம்). ஹெட்ட (டேப்ல உரசி சத்தத்த பதியற, படிக்கிற உலோகத் துண்டு) மட்டும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால தொடச்சிருங்க.

கேசட் ஸ்க்ரூ போட்டதா இருக்கணும், ஒட்டுன கேசட்ட தொறந்தா ஒடஞ்சிரும். உள்ள இருக்கற டேப்ப உருவிட்டு ஒரு துண்டு வெட்டுங்க. டேப் செகண்டுக்கு 4.76 செ.மீ. ஓடும், அப்ப 24 செ.மீ. துண்டுன்னா சுமார் 5 செகண்ட் லூப். ரெண்டு முனையையும் சாய்வா வெட்டி, இடைவெளி இல்லாம சேத்து, ஹெட்ல உரசாத பக்கமா மெல்லிசா செலோடேப் ஒட்டுங்க, ஓரத்துல பிசின் நீட்டிட்டு இருந்தா நறுக்கிருங்க. ரெண்டு மூலை ரோலரு, நடுவுல இருக்கற ரெண்டு சக்கரம், இதையெல்லாம் சுத்தி மாட்டணும். விறைப்பா இருந்தா மோட்டார் திணறும், கொஞ்சம் தொளதொளன்னு இருக்கட்டும். ஹெட்டுக்கு நேரா இருக்கற ஸ்பான்ஜ் பேட் தொலஞ்சிரக்கூடாது, அது இல்லன்னா சத்தம் கம்மியா, மங்கலாதான் வரும்.

இனிமேதான் விஷயமே. ரெக்கார்ட் அமுக்குனா மெயின் ஹெட்டுக்கு முன்னாடி எரேஸ் ஹெட் வந்து பழச அழிக்கும். விலை கம்மி மாடல்ல அது வெறும் காந்தம், கழட்டி எடுத்துரலாம். ஒயர் வர்ற மாடல்னா வெட்டாதீங்க, சர்க்யூட்டே கோவிச்சுக்கும், டேப் அதுல படாத மாதிரி நடுவுல ஒரு பிளாஸ்டிக் துண்ட ஒட்டுனா போதும். இப்ப ஒவ்வொரு சுத்துலயும் புதுசு பழசு மேல ஏறும். ஆனா பழசு அப்படியே நிக்காது, ரெக்கார்ட் ஹெட்டே கொஞ்சம் கொஞ்சமா அத தேய்க்கும், முதல்ல கூர்மையான சத்தம் போகும், அப்புறம் மங்கலா ஒரு முணுமுணுப்பு மட்டும் மிஞ்சும். கடலூர் முதுநகர் துறைமுகத்துல மீன் ஏலம் விடுறத போட்டுப் பாருங்க, வெல சொல்ற குரல் நாலஞ்சு சுத்துல வார்த்த போயி வெறும் தாளமா நிக்கும். செல்போன் ஆப்புல லூப் ஈஸிதான், ஆனா இப்படி தானா தேயாது.

ஸ்பீடு மாத்தணும்னா நெறைய மோட்டார்ல பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும், உள்ள திருகு. பிளாஸ்டிக் ஸ்க்ரூ டிரைவரால மெதுவா திருப்புங்க. பாதி ஸ்பீடுக்கு எறக்குனா சுருதி ஒரு ஸ்தாயி கீழ போகும், ஆனா எல்லா மோட்டாரும் அவ்ளோ எறங்காது.