தோஹாவில் கால்பந்து சீசன்: குடும்பஸ்தர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தாரில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்குக் கால்பந்து எப்போதாவது வந்துபோகும் திருவிழா இல்லை. 2022-ல் உலகக் கோப்பை நடந்தது. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பை, 2025 நவம்பரில் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை, அடுத்த மாதமே அரபுக் கோப்பை. இதற்கு நடுவில் ஐரோப்பிய ஆட்டங்கள் வாரம் தவறாமல் டிவியில் ஓடுகின்றன. ஒரு மேட்ச் இரண்டு மணி நேரம்தான். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தைப் பற்றி யோசிக்காமல் கிளம்புவதில்தான் தவறுகள் ஆரம்பிக்கின்றன. அவற்றின் சுமை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மீதும் சின்னப் பிள்ளைகள் மீதும் விழுவதால்தான் இதை எழுதுகிறேன்.

யார் விளையாடுகிறார்கள் என்பதை மட்டும் பார்த்து டிக்கெட் எடுப்பது முதல் தவறு. டிக்கெட் மலிவாக இருப்பதால் கை தானாகப் போய்விடுகிறது. 2022-ல் இங்கே குடியிருப்பவர்களுக்கு முதல் சுற்று டிக்கெட் 40 ரியாலிலிருந்து கிடைத்தது. ஆசியக் கோப்பைக்கு 25 ரியாலிலிருந்தே கிடைத்தது. அந்த ஆசியக் கோப்பையில் இந்தியா ஆடிய மூன்று ஆட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவுடன் ஆடியது ஜனவரி 13, சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, அகமது பின் அலி மைதானத்தில். விடுமுறை நாள், அல் ரிஃபா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம், இருட்டுவதற்குள் வீட்டுக்கும் வந்துவிடலாம். பிள்ளைகளோடு போவதற்கு இதைவிட வசதியான ஆட்டம் அமையாது. உஸ்பெகிஸ்தானுடன் ஆடியதும் அதே மைதானத்தில்தான், வியாழன் மாலை ஐந்தரைக்கு. மறுநாள் வெள்ளி, இங்கே விடுமுறை, அதுவும் சரி.

சிரியாவுடன் ஆடியது ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை. அதே இரண்டரை மணிதான், ஆனால் இடம் அல் கோரில் இருக்கும் அல் பைத் மைதானம். தோஹாவிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். அங்கே மெட்ரோ கிடையாது. சிவப்பு வழித்தடத்தின் கடைசி நிலையமான லுசைல் வரை போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். பிள்ளை பள்ளி முடிந்து, பஸ்ஸில் வீடு வந்து, சீருடை மாற்றிவிட்டு எப்போது போய்ச் சேர்வது? அப்போதைய இந்தியக் கேப்டன் சுனில் சேத்ரியை நேரில் பார்க்கும் ஆசை நியாயமானதுதான். அதற்கு சனிக்கிழமை ஆட்டம் இருந்ததே. எனவே குடும்பத்தோடு போவதென்றால் முதலில் மைதானத்தைப் பாருங்கள், பிறகு கிழமை, பிறகு நேரம். அணி அப்புறம்.

அடுத்தது, திரும்பி வரும் பயணத்தை மறந்துவிடுவது. போகும்போது கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். லுசைல் மைதானத்தில் கிட்டத்தட்ட 88,000 பேர் உட்காரலாம். அது நிரம்பி வழிந்த இரவுகளில் மெட்ரோ வாசலில் தடுப்புகளைப் போட்டு, கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடுவார்கள். அந்த வரிசையில் தூங்கிப்போன நான்கு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் பெரியவனைப் பிடித்தபடி நிற்கும் அம்மாக்களை எப்போதும் பார்க்கலாம். கணவர் இரண்டடி முன்னால் போனில் கோல் காட்சியைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளையை அவர் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவசரப்பட்டு ஓடாமல் அரை மணி, முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்வந்து கிளம்பினால் வரிசை பாதியாகக் குறைந்திருக்கும். மெட்ரோவில் குடும்பங்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. போட்டி நாளில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, இருந்தால் அது நிற்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள்.

எல்லோருடைய டிக்கெட்டையும் ஒரே போனில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தால் குடும்பமே வாசலில் நிற்கும். மனைவியின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். பிள்ளையின் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதில் இரண்டு பேருடைய நம்பரையும் எழுதுங்கள். 2022-ல் கைக்குழந்தைக்கும் டிக்கெட் வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு போட்டிக்கும் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். ஆசையாகக் கட்டிக்கொண்டுபோன எலுமிச்சைச் சாதம் வாசலிலேயே போய்விடும். குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு உண்டு. வளைகுடாதானே, குளிர் எங்கே என்று நினைக்க வேண்டாம். பல மைதானங்களில் இருக்கைக்கு அடியிலிருந்து குளிர்காற்று வரும். ஜனவரி இரவில் அல் கோரில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஜெர்சி மட்டும் போட்ட பிள்ளை நடுங்கிவிடும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.

வீட்டுக்குள் நடக்கும் தவறுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் தோஹா நேரப்படி இரவு 11 மணிக்குத் தொடங்கும். செவ்வாய், புதன் இரண்டுமே வேலை நாள். ஆட்டம் முடிய நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகிவிடும். பள்ளி பஸ் விடிகாலை ஐந்தரை, ஆறுக்கே வந்து நிற்கும். கம்பெனி அறையில் இருக்கும் பேச்சிலர் நண்பர்கள் குடும்பம் இருக்கும் வீட்டில் கூடுவது இயல்பு. ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்கள், கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் ஒரு படுக்கையறை பிளாட்டில் ஐந்து பேர் ஹாலில் உட்கார்ந்தால், வீட்டம்மா உள்ளறையில் பிள்ளையோடு அடைந்து கிடக்க வேண்டியிருக்கிறது. நடுநடுவே எழுந்து டீயும் போட வேண்டியிருக்கிறது. தண்ணீர் குடிக்கக்கூட ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவரிடம் கேட்காமல் யாரையும் அழைக்காதீர்கள். வாரநாள் ஆட்டத்தைக் கஃபேயில் பெரிய திரையில் பார்க்கலாம். வீட்டில் கூடுவதை மாதத்தில் ஒரு வார இறுதிக்கு வைத்துக்கொண்டு, வருகிறவர்களே சாப்பாடு வாங்கி வந்து, பாத்திரத்தையும் கழுவி வைக்கட்டும்.

2026 உலகக் கோப்பைக்கு இது இன்னும் பொருந்தும். தோஹா நேரம் நியூயார்க்கைவிட 7 மணி நேரம் முன்னால். பல ஆட்டங்கள் நள்ளிரவுக்குப் பிறகுதான். ஜூலை 19 இறுதி ஆட்டமே இங்கே இரவு 10 மணிக்குத்தான். எந்தெந்த ஆட்டத்துக்குப் பிள்ளைகள் விழித்திருக்கலாம் என்பதை முதலிலேயே அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அன்றன்றைக்கு முடிவு செய்தால் அன்றன்றைக்கு அழுகைதான்.

வெற்றிக் கொண்டாட்டத்தில் காரின் மேல்திறப்பு வழியாகப் பிள்ளையை நிறுத்திக் கொடி பிடிக்க வைப்பது உயிருக்கே ஆபத்து. பக்கத்துக் குடும்பங்களை அனுமதியில்லாமல் படம் எடுத்துப் போடுவது இங்கே குற்றம். உள்ளூர் அணியையோ அண்டை நாட்டு அணியையோ கேலி செய்து வீடியோ போடும் பழக்கமும் வேண்டாம். 2019-ல் அபுதாபியில் நடந்த ஆசியக் கோப்பை அரையிறுதியில் எமிரேட்ஸைக் கத்தார் 4-0 என்று வென்றபோது, ஆட்டக்காரர்கள் மீது செருப்புகள் பறந்தன. அப்போது சவூதி, எமிரேட்ஸ் உள்ளிட்ட சில நாடுகள் கத்தார் மீது விதித்த தடை அமலில் இருந்தது. இந்த ஊர்களில் கால்பந்துக்குள் அரசியலும் மானமும் கலந்து கிடக்கின்றன. டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில், மைதானம் நமக்கு ஆகாது என்று ஒதுங்கிவிடுவதும் ஒரு தவறுதான். 2022-ல் லுசைல், அல் பைத், எஜுகேஷன் சிட்டி ஆகிய மூன்று மைதானங்களிலும் சத்தமும் வெளிச்சமும் குறைத்த தனி அறைகள் இருந்தன. அங்கிருந்தே ஆட்டத்தைப் பார்க்க முடிந்தது. அடுத்த போட்டிக்கு டிக்கெட் விற்பனை தொடங்கும்போதே இந்த வசதி உண்டா என்று கேளுங்கள். இடம் குறைவாகத்தான் இருக்கும், முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும்.