பம்புக்கு ஹெட் எவ்வளவு என்று கேட்டால் போர்வெல்லின் ஆழத்தைச் சொல்லாதீர்கள்

எங்கள் பம்புக் கடைக்குப் புதிதாக வந்த பையன் போன வாரம் ஒரு ஆர்டர் சீட்டு எழுதினான். 'ஹெட் 600 அடி.' இந்த 600 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "போர் அறுநூறு அடிங்கண்ணா" என்றான். தொழிலுக்கு வந்த புதிதில் நான் எழுதிய அதே சீட்டு. எண் மட்டும்தான் வேறு.

புட்வால்வு, கிளாண்டு, டெலிவரி என்று நாங்கள் பேசுகிற வார்த்தைகளெல்லாம் எப்படி உச்சரித்தாலும் வேலை நடந்துவிடும். வயரை மாற்றிக் கொடுப்பது, தண்ணீர் ஊற்றாமல் மோனோபிளாக்கை (மோட்டாரும் பம்பும் ஒன்றாக, தரைமேல் நிற்பது) ஓட்டுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. முதல் மாதத்திலேயே திட்டு வாங்கிச் சரியாகிவிடும். வார்த்தையின் பொருளைத் தப்பாகப் பிடித்துக்கொண்டால்தான் சிக்கல். பம்பு ஓடும், தண்ணீரும் வரும், தவறு எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஹெட்

கோவைக்குக் கிழக்கே ஒரு தோட்டக்காரர் போன் செய்தார். "நானூத்தம்பது அடியில மாட்டோணும் தம்பி, அதுக்குத் தக்க பாத்துக் குடுங்க." நான் 'ஹெட் 450 அடி' என்று எழுதி, அதற்கேற்ற பம்பை அனுப்பினேன். தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று கேட்கவே இல்லை.

பம்பு பிய்த்துக்கொண்டு தள்ளியது. அவருக்கு ஒரே சந்தோஷம். அரைமணி நேரம் கழித்துத் தண்ணீரும் காற்றுமாக வந்தது. நிறுத்தி, ஒரு மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடியும் அதே கதை. போர் வற்றிவிட்டது என்று முடிவு கட்டினார். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டிவந்து இடம் குறித்து, இன்னொரு போர் ஓட்டினார். 700 அடி போயும் புகைதான் வந்தது.

அதன்பிறகு ஒரு வயதான மெக்கானிக் பழைய போரில் கயிறு விட்டுப் பார்த்திருக்கிறார். 120 அடியில் தண்ணீர் நின்றது. ஓடும்போது மட்டம் 210 அடிக்கு இறங்கும், தொட்டி 40 அடி உயரம், பைப்பில் உரசிப் போகிற இழப்புக்கு 20 அடி வைத்தால் பம்பு தூக்க வேண்டியது மொத்தமே 270 அடிதான். நான் கொடுத்ததோ 450 அடிக்கான பம்பு. எதிர்ப்பு குறைவாக இருந்ததால் அது ஊறுகிற அளவுக்கு மேல் தள்ளித் தள்ளி மட்டத்தைத் தன் வாய்க்கே இழுத்துக்கொண்டது. போர் ஒன்றும் வற்றவில்லை. ஒரு வார்த்தையை நான் தப்பாக எழுதியதற்கு அவர் 700 அடிக்குக் கூலி கொடுத்தார். அதற்கப்புறம் எங்கள் கடைப்பக்கமே வரவில்லை. வராதது நியாயம்தான்.

ஹெட் என்பது பம்பு தூக்க வேண்டிய மொத்த உயரம். ஓடும்போது தண்ணீர் நிற்கிற மட்டத்திலிருந்து கணக்கு தொடங்குகிறது. அங்கிருந்து தண்ணீர் விழுகிற இடம் வரை செங்குத்து உயரம், அதோடு பைப்பு, அதன் வளைவு (பெண்டு), வால்வில் போகிற உராய்வு இழப்பு. சொட்டுநீர் போட்டிருந்தால் அதற்கு வேண்டிய அழுத்தத்தையும் சேர்க்க வேண்டும்; சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்றால் 10 மீட்டர்.

பம்பு எத்தனை அடியில் தொங்குகிறது என்பதற்கு இதில் இடமே இல்லை. புதியவர்கள் நம்ப மறுப்பது இதைத்தான். ஒரு வெறும் குழாயைக் கிணற்றுக்குள் விடுங்கள். வெளியே நிற்கிற மட்டம் வரை உள்ளேயும் தண்ணீர் தானாக ஏறி நிற்கும். ஆகவே மட்டத்துக்குக் கீழே இன்னும் 200 அடி இறக்கினாலும் பம்புக்கு அது சுமை இல்லை. பைப்பு நீளம் கூடுவதால் உராய்வு கொஞ்சம் ஏறும், அவ்வளவே. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்திலும் மாடு தண்ணீர்ச் சாலை (பெரிய வாளி) தண்ணீர் மட்டத்திலிருந்துதான் இழுத்தது. கிணற்றின் அடி எத்தனை ஆழம் என்பது மாட்டுக்குக் கவலையில்லை.

அதனால் ஆர்டர் எடுக்கும்போது போர் ஆழம், மாட்டுகிற ஆழம், நிற்கும் மட்டம், ஓடும் மட்டம் என்று நாலையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். ஓடும் மட்டம் தெரியாது என்பார்கள். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. போர் ஓட்டியவர்களைக் கேளுங்கள், பக்கத்துத் தோட்டத்தில் கேளுங்கள். மாட்டும்போதே அரை இன்ச் குழாய் ஒன்றையும் சேர்த்து இறக்கிவிட்டால் பின்னால் மட்டம் பார்க்கச் சுலபம்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 'மேக்ஸ் ஹெட்'

அந்த உயரத்தில் ஒரு சொட்டுக்கூட வெளியே விழாது. தண்ணீர் வெளியேறும் டெலிவரியை முழுக்க மூடினால் எவ்வளவு உயரம் தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. 'மேக்ஸ் ஹெட் 30 மீட்டர்' என்று பார்த்து 28 மீட்டர் மாடிக்கு வாங்கிப் போனவர், குழாயில் நூல் மாதிரி வருகிறது என்று சண்டைக்கு வருவார். பம்பின் பெயர்ப்பலகையில் ஹெட் ரேஞ்ச் (எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை) போட்டிருக்கும். உங்கள் உயரம் அதன் நடுவில் விழ வேண்டும்.

மீட்டரா, அடியா

பலகையில் மீட்டர், வாடிக்கையாளர் வாயில் அடி. 60 மீட்டர் என்பது 197 அடி.

ஸ்டேஜ்

"தண்ணி பத்தல, ஸ்டேஜ் கூட்டிப் போடுங்க." வாரம் ஒருவராவது கேட்கிறார். ஒரு ஸ்டேஜ் என்பது தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற ஒரு இம்பெல்லரும் அதன் கிண்ணமும். முதல் ஸ்டேஜ் தள்ளுகிற அதே தண்ணீர்தான் இரண்டாவதில் நுழைகிறது. பத்தை இருபது ஆக்கினால் இரண்டு மடங்கு உயரம் தூக்கும், தண்ணீரின் அளவு இரண்டு மடங்காகாது. உயரம் பற்றாமல் தண்ணீர் குறைந்திருந்தால் மட்டும் ஸ்டேஜ் கூட்டுவது உதவும். ஆனால் மோட்டாரும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதைக் கேட்பவர் மறந்துவிடுவார்.

சக்ஷன்

மேலே நிற்கிற மோனோபிளாக் எத்தனை எச்பியாக இருந்தாலும் 6, 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சும் என்று நம்ப வேண்டாம். தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம். அதன் முழு வலுவே 10.3 மீட்டர்தான்.

இன்ச்

இன்ச் கணக்கு சொன்னால் போரின் அகலமா, பைப்பின் அகலமா என்று கேளுங்கள்.

மோட்டார்

"மோட்டார் போச்சு" என்று போன் வந்தால் காயில் (மோட்டாரின் கம்பிச்சுருள்) கட்டுகிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நம் ஊரில் மோட்டார், பம்பு, ஸ்டார்ட்டர், சில வீடுகளில் சுவிட்சுக்கூட மோட்டார்தான். சுற்றுகிறதா, சத்தம் வருகிறதா, ஆம்ப்ஸ் எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள். ஒருமுறை 40 கிலோமீட்டர் போனேன். போயிருந்தது கெப்பாசிட்டர்.