தங்கம் தேடிப் போனவரின் குடும்பத் தடத்தைத் தேடுவது எப்படி?

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீட்டில். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். சில வருடங்கள் கழித்து எனக்கு வேலை கிடைத்தது மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில், அதுவும் ஒரு தங்கச் சுரங்கத்தில்தான். இந்த ஊரின் பெரிய தெரு ஹானன் தெரு. அதில் தண்ணீர்ப் பையுடன் சிலையாக உட்கார்ந்திருக்கிறார் பேட்ரிக் ஹானன். 1893-ல் இங்கே தங்கத்தைக் கண்டுபிடித்த அயர்லாந்துக்காரர். எங்கள் தங்கவயலின் கதையும் ஓர் அயர்லாந்துக்காரரில்தான் தொடங்குகிறது. மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் 1875-ல் 20 வருடக் குத்தகை வாங்கினார். இரண்டு ஊரையும் பார்த்த எனக்கு, மண்ணைத் தோண்ட வருமுன் இவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தார்கள் என்ற கேள்வி விடவே இல்லை.

அப்படித் தேட ஆரம்பித்து, பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக அவருடைய கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கொடுத்து, இப்போது பெர்த்தில் இருக்கும் நம்மவர்கள்கூட என்னிடம் வழி கேட்கிறார்கள். அந்த வழியை ஹானனையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

முதல் விஷயம்: பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள். எல்லாரும் செய்யும் தவறு இது. நானும் செய்தேன். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் பேட்ரிக் ஹானன் என்ற பெயரைத் தேடிப் போய், வேறொரு பேட்ரிக்கின் பின்னால் மூன்று மாதம் அலைந்தேன். தங்கம் தேடுபவர்கள் செய்வதைப் பாருங்கள். சரிவின் அடியில் மண்ணைத் தட்டில் அலசி, துகள் கிடைத்த இடத்திலிருந்து மேலே மேலே ஏறித் தாய்ப்பாறைக்குப் போவார்கள். அதே மாதிரி நீங்களும் சாவிலிருந்து ஏறுங்கள்.

ஹானன் இறந்தது 1925 நவம்பர் 4, மெல்போர்னின் பிரன்ஸ்விக் பகுதியில். விக்டோரியா மாநிலத்தின் இறப்புச் சான்றிதழ் ஒரு பொக்கிஷம். 1853-க்குப் பிறகு பதிவானவற்றில் இறந்தவரின் தாய் தந்தை பெயர், தந்தையின் தொழில், பிறந்த இடம், காலனிகளில் எத்தனை வருடம் வாழ்ந்தார், யாரை மணந்தார், பிள்ளைகள் யார் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. மாநிலப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் பணம் கட்டினால் படமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று. அந்தத் தகவலைச் சொன்னவர் யார் என்ற கட்டத்தைத்தான் நான் முதலில் படிப்பேன். மகள் சொன்னதற்கும் தங்கும் விடுதிக்காரர் சொன்னதற்கும் நம்பகத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வனாந்தரக் கூடாரத்தில் டைபாய்டு கண்டு இறந்தவனுக்கு 'தெரியாது' என்றே பல கட்டங்களை நிரப்பியிருப்பார்கள். 1890-களில் கல்கூர்லிக்குப் பக்கத்துத் தங்க ஊரான கூல்கார்டியில் அப்படிப் போனவர்கள் ஏராளம். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நடந்தாலே மனசு கனத்துப்போகும்.

அடுத்து செய்தித்தாள்கள். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் பழைய பத்திரிகைகளை இலவசமாகத் தேடலாம். 1894-ல் தொடங்கிய கூல்கார்டி மைனரும் 1895-ல் தொடங்கிய கல்கூர்லி மைனரும் நமக்கு முக்கியம். வெறும் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் மூழ்கிவிடுவீர்கள். ஹானன் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: கல்கூர்லிக்கே முதலில் 'ஹானன்ஸ்' என்றுதான் பெயர். மனிதரைத் தேடினால் ஊர் வந்து நிற்கும். அதனால் பெயருடன் ஓர் இடத்தையும் பத்து வருடக் காலத்தையும் சேர்த்துப் போடுங்கள். 'பிரன்ஸ்விக்', 'நீஸ்' (niece, உடன்பிறந்தவரின் மகள்) போன்ற சொற்களையும் சேர்த்துப் பாருங்கள். எழுத்து மாறி அச்சாகியிருக்கும், இயந்திரம் தப்பாகப் படித்திருக்கும், ஆகவே பெயரை நாலைந்து விதமாக எழுதித் தேடுவது கட்டாயம். ஹானனின் கூட்டாளி டான் ஷே சில இடங்களில் ஓ'ஷே ஆகியிருப்பார். கண்டெடுப்புச் செய்திகளைவிட இறுதிச்சடங்கு அறிவிப்புகளும், வீட்டார் கொடுத்த 'காணவில்லை, தகவல் தெரிந்தால் எழுதவும்' விளம்பரங்களும்தான் எனக்கு அதிகம் கொடுத்திருக்கின்றன. அவற்றில்தான் அக்கா, தங்கை, ஊர் எல்லாம் வெளியே வரும்.

கண்டெடுத்த கதையைக் கையாளும்போது நிதானம் வேண்டும். 1893 ஜூனில் ஹானன், தாமஸ் ஃப்ளானகன், டான் ஷே என்ற மூன்று அயர்லாந்துக்காரர்கள் மவுண்ட் யூல் என்ற இடத்துக்குப் போகும் வழியில் தங்கத்தைப் பார்த்தார்கள். ஜூன் 17 அன்று ஹானன் கூல்கார்டி போய் ரிவார்ட் கிளெய்மை, அதாவது கண்டுபிடித்தவருக்குத் தரப்படும் தோண்டும் உரிமையைப் பதிவு செய்தார். மூன்றே நாளில் எழுநூறு பேர் வரை அங்கே குவிந்தார்கள் என்பார்கள். முதலில் பார்த்தது யார் என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு. குதிரையின் லாடம் கழன்றதால் நின்றார்கள் என்பது ஒன்று, ஃப்ளானகன்தான் முதலில் பார்த்தார் என்பது இன்னொன்று. ஃப்ளானகன் 1899-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பதிவு செய்தவரின் பெயர்தான் தெருவுக்கு வந்தது. உங்கள் தாத்தாவைப் பற்றிக் குடும்பத்தில் சொல்லும் கதையையும் இப்படியே வையுங்கள்: கதையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே பதிவேடு சொல்வதையும் எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

சுரங்க உரிமைப் பத்திரத்தை எல்லாரும் ஆசையோடு தேடுவார்கள். 1854-ல் விக்டோரியாவின் பல்லாரட்டில் சுரங்கக்காரர்களின் யுரேகா கலகம் நடந்த பிறகு, மாத உரிமத்துக்குப் பதிலாக வருடம் ஒரு பவுண்டுக்கு வந்த காகிதம் அது. ஓட்டுரிமையும் கூடவே வந்தது. பையில் வைத்தே கிழிந்துபோனதால் பெரும்பாலும் மிஞ்சவில்லை. அதற்குப் பதில் சுரங்கத் தகராறுகளை விசாரித்த வார்டன் நீதிமன்றப் பதிவேடுகளையும் கிளெய்ம் விண்ணப்பங்களையும் பெர்த்தில் மாநில ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். வாக்காளர் பட்டியலையும் விடாதீர்கள்.

கப்பல் பட்டியலுக்கு வருவோம். ஹானன் 1862 கடைசியில் மெல்போர்ன் வந்திறங்கினார். விக்டோரியாவின் ஆவணக் காப்பகத்தில் 1852 முதல் 1923 வரை சொந்தச் செலவில் வந்த பயணிகளின் பட்டியல் தனி, அரசு உதவியோடு வந்தவர்களின் பட்டியல் தனி. இரண்டிலும் தேட வேண்டும். ஒரு பெயரில் நிற்காமல் முன்னும் பின்னும் பத்து வரி படியுங்கள். கூடப் பயணித்தவர்கள் பெரும்பாலும் உறவுக்காரர்களோ ஒரே ஊர்க்காரர்களோதான். அப்புறம், தங்கம் தேடுபவர்கள் ஒரே இடத்தில் இருக்கமாட்டார்கள். ஹானன் பல்லாரட்டில் வேலை பார்த்தார், நியூசிலாந்து போனார், பிறகு நியூ சவுத் வேல்ஸ், தென் ஆஸ்திரேலியா என்று ஒவ்வொரு தங்க ஓட்டத்துக்கும் நகர்ந்துகொண்டே இருந்தார். எந்த வருடம் எந்த இடத்தில் தங்கம் கிடைத்தது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால், காணாமல்போன வருடங்களில் உங்கள் ஆள் எங்கே இருந்திருப்பார் என்பது பாதி புரிந்துவிடும்.

இவ்வளவும் கையில் வந்த பிறகுதான் கடல் தாண்டிப் பிறந்த ஊருக்குப் போக வேண்டும். அயர்லாந்தில் எல்லாருக்கும் பிறப்புப் பதிவு வந்தது 1864-ல்தான். அதற்கு முன் மாதாகோயில் ஏடுதான் கதி. ஹானனுக்கு க்வின் என்ற ஊரில் 1840 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் நடந்தது. கத்தோலிக்கப் பங்குகளின் (ஒரு மாதாகோயிலைச் சேர்ந்த வட்டாரங்களின்) ஏடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் இலவசமாக இணையத்தில் வைத்துவிட்டது. சில ஏடுகள் லத்தீனில் இருக்கும், பேட்ரிக் அங்கே பாட்ரிசியஸ் ஆகியிருப்பார். ஒரே பெயரில் நாலு பேர் வந்தால் ஞானப்பெற்றோர் பெயரையும் பாருங்கள். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பது அவர்களிடமும் பரவலான வழக்கம். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. எது எந்தத் தலைமுறைப் பேட்ரிக் என்று பிரிக்க அது ரொம்ப உதவும்.

ஹானன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் உடன்பிறந்தவரின் மகள்களோடுதான் வாழ்ந்தார். மேற்கு ஆஸ்திரேலிய அரசு அவருக்கு ஓய்வூதியம் கொடுத்தது. நேர் வாரிசு இல்லை என்று பலர் இங்கே தேடலை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். கட்டு அவிழ்க்காத கடிதங்கள், புகைப்படங்கள், அவர் சொன்ன ஊர்ப் பெயர்கள் எல்லாம் அந்தப் பெண்கள் வழியாகத்தான் இறங்கி வந்திருக்கும். கல்யாணத்தில் அவர்கள் குடும்பப் பெயர் மாறியிருப்பதால் திருமணப் பதிவிலிருந்து கீழே இறங்கித் தேட வேண்டும். அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுதான். பக்கத்து வீட்டுப் பாட்டியின் கொள்ளுத்தாத்தாவை நான் கண்டுபிடித்தது அவருடைய தங்கையின் பேத்தி வைத்திருந்த ஒரு ஜெபப் புத்தகத்தின் பின் அட்டையில்.

இதைப் படிக்கும் தங்கவயல்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் தாத்தாக்களுக்குக் கப்பல் பட்டியல் கிடையாது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் மேஸ்திரி பின்னால் வந்தார்கள். ஆனால் நமக்கு ஒரு கோயில் ஏடு உண்டு, அது குலதெய்வம். நாங்கள் எந்த ஊர் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. வருடா வருடம் சைனைட் மேட்டை (தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுமண் மேட்டை) தாண்டி ரயில் பிடித்து எங்கே பொங்கல் வைக்கப் போவார்கள் என்று அத்தையைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையைச் சொன்னார். போன தை மாதம் ஊருக்குப் போனபோது அங்கே போய் நின்றேன். பூசாரி எங்கள் தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டார். நான் சொன்னதும், இன்னொரு வீட்டைக் கைகாட்டினார்.