நியூயார்க்கில் பர்கர் தேடுகிறவர்களுக்கு: கல்லுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்

மிட்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கிரில்லில் நிற்பது என் வேலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் சுதந்திர தேவி சிலையைப் பார்த்த கையோடு என்னிடம் கேட்பது, "நல்ல பர்கர் எந்தக் கடையில் கிடைக்கும்?" கடைப் பெயர் பிறகு. பர்கர் வேகும் கல்லுக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள்.

என் கணக்கில் பர்கரின் ஆயுள் ஐந்து நிமிடம். அதற்குள் வாய்க்குப் போகாவிட்டால் கறியின் சாறு அடி பன்னில் இறங்கி நொதநொதத்துவிடும், சீஸ் இறுகும், ஓரத்து முறுகல் ஆவியில் சவசவத்துப்போகும். முறுகல் தோசையைப் பார்சல் வாங்குவீர்களா? இதுவும் அப்படித்தான். எனவே டெலிவரி ஆப்பில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே பாதிப் பேர் மதிப்பெண் போடுவது நாற்பது நிமிடம் பெட்டியில் வெந்துகொண்டிருந்த பர்கருக்கு.

இணையத்தில் தேடினால் கடைக்காரர் போட்ட படத்தை விட்டுவிடுங்கள். சாப்பிட வந்தவர்கள் எடுத்த படத்தில், பாதி கடித்த பர்கரைத் தேடுங்கள். அடி பன் முழுசாக இருக்கிறதா, கறி பன்னின் விளிம்புவரை வருகிறதா என்று பாருங்கள். உச்சியில் குச்சி குத்தி நிற்கும் ஒரு சாண் உயரப் பர்கர் படத்துக்கு மட்டும்தான் ஆகும். கடை ஜன்னலில் ஒட்டியிருக்கும் ஏ, பி, சி எழுத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 2010 முதல் நகரச் சுகாதாரத் துறை ஒட்டவைப்பது. குறைகளுக்கான புள்ளி 13-க்குள் இருந்தால் ஏ. அது சுத்தத்தைச் சொல்லும், ருசியைச் சொல்லாது.

அடுத்து, உங்களுக்கு எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். இங்கே பெரும்பாலும் இரண்டு வகை. பார்களில் கிடைப்பது கனமான பர்கர்: கால் கிலோவை ஒட்டி கறி, உள்ளே இளஞ்சிவப்பு, சாறு மணிக்கட்டுவரை வழியும். இன்னொன்று ஸ்மாஷ்: சின்ன உருண்டையைச் சூடான கல்லில் வைத்து அழுத்தித் தட்டையாக்குவது.

போன கோடையில் விருதுநகரிலிருந்து வந்த மாமாவை முதல் வகைக்குக் கூட்டிப்போனேன். ஒரு கடி கடித்துவிட்டு, "டேய் மாப்ள, இது இன்னும் உசுரோட இருக்குடா" என்றார். பயப்பட ஒன்றுமில்லை, சிவப்பாக வழிவது ரத்தமில்லை. தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். ஆனால் அவர் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைக்கும்போது உள்ளேயும் கலந்துவிடும். அதனால்தான் அரைத்த மாட்டுக்கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட வேண்டும் என்கிறது அமெரிக்க அரசு. உள்ளே சிவப்பாக விடும் மீடியம் ரேர் அந்தச் சூட்டைத் தொடாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் வெல்டன், அதாவது முழுக்க வேகவைத்தது, என்று சொல்லுங்கள். கனமான பர்கரை அந்த அளவுக்கு வேகவைத்தால் சக்கையாகிவிடும் என்பதால் அவர்களுக்கு ஸ்மாஷ்தான் நல்லது. அது முழுக்க வெந்தும் வறண்டுபோகாது. மறுநாள் மாமா இரண்டு சாப்பிட்டார்.

அவர் சாப்பிட்டது சோஹோவில், மக்டூகல் தெருவும் ஹூஸ்டன் தெருவும் சேரும் முனையில் உள்ள ஹாம்பர்கர் அமெரிக்காவில். அமெரிக்கா முழுக்கப் பர்கர் கடைகளைத் தேடி அலைந்த ஜார்ஜ் மோட்ஸ் 2023-ல் திறந்த கடை. மேசையை விடுங்கள், கவுண்டரில் ஸ்டூல் காலியாகும்வரை நில்லுங்கள். வெங்காயப் பர்கர் கேளுங்கள். உருண்டை கல்லில் விழுந்ததும், காகிதம்போல் சீவிய வெங்காயம் ஒரு கைப்பிடி அதன் தலையில் விழும். கனத்த கரண்டியை வைத்து உடம்பின் பாரம் முழுவதும் கொடுத்து அழுத்துவார்கள். வெங்காயம் கறிக்குள் பதிந்து, ஓரம் சல்லடைபோல் கிழிந்து பழுப்பேறும். கரண்டி விளிம்பால் சுரண்டி ஒரே திருப்பு; இப்போது வெங்காயம் அடியில், கொழுப்பில் வதங்கும். மேலே சீஸ், அதன்மேல் பன். வெங்காய ஆவியிலேயே பன் மெத்தென்று ஆகிவிடும். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன், கஷ்ட காலத்தில், கறி விலைக்குக் கட்டுப்படியாகாமல் ஓக்லஹோமாக்காரர்கள் வெங்காயத்தைச் சேர்த்து அளவைக் கூட்டியதில் பிறந்த பண்டம் இது. வறுமைச் சமையல் பல நேரம் பணக்காரச் சமையலைத் தூக்கிச் சாப்பிடும் என்பது என் கட்சி.

கனமான வகைக்கு நான் அனுப்புவது மூன்றாம் அவென்யூ, 74-ஆம் தெரு முனையிலுள்ள ஜே.ஜி. மெலனுக்கு. 1972 முதல் இருக்கிறது. சுவரெல்லாம் முலாம்பழ, தர்பூசணிப் படங்கள். பன், கறி, சீஸ், ஊறவைத்த வெள்ளரி, சிவப்பு வெங்காயம், அவ்வளவுதான். வட்ட வட்டமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கை மறக்காதீர்கள். கீழே வில்லேஜ் என்ற பகுதியில் கார்னர் பிஸ்ட்ரோ. காகிதத் தட்டில் தருவார்கள், அலங்காரம் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு இடத்துக்கும் கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு போவது நல்லது.

வில்லியம்ஸ்பர்கில் 1887 முதல் இருக்கும் பீட்டர் லூகர் ஸ்டேக் கடையில் இரவுச் சாப்பாடு பர்ஸைக் காலி செய்யும். ஆனால் மதியம் மட்டும் அங்கே பர்கர் உண்டு. நாள்கணக்கில் பதப்படுத்திய கறியின் வாசனை அதிலும் இருக்கும். மூன்றே முக்கால் மணிக்கு முன்பே போய்விடுங்கள். கிரெடிட் கார்டை நம்பிப் போகாதீர்கள்.

மினெட்டா டாவர்னின் பிளாக் லேபிள் பர்கர் 2009-ல் வந்தபோது விலை 26 டாலர். ஊரே வாயைப் பிளந்தது. கறி உண்மையிலேயே நன்றாக இருக்கும். இருந்தாலும் என் காசில் என்றால் நான் போகமாட்டேன், யாராவது வாங்கிக்கொடுத்தால் போவேன். அதைவிட பிரின்ஸ் தெரு ராவுல்ஸில் மிளகு ஒட்டிய பர்கர் நம் நாக்குக்கு நெருக்கம். குறைந்த எண்ணிக்கையில்தான் போடுவார்கள், கதவு திறக்கும்போதே பாரில் இடம் பிடியுங்கள்.

எந்தக் கடையானாலும் மதியம் இரண்டரைக்கு மேல் போங்கள். கூட்ட நேரத்தில் கல்லில் இருபது கறிவட்டம் கிடக்கும். கல்லின் சூடு இறங்கி, கறி வறுபடாமல் தன் தண்ணீரிலேயே அவியும். இதை நான் தினமும் என் கண்ணால் பார்க்கிறேன். முதல் தடவை சீஸ் மட்டும் போட்டுக் கேளுங்கள். பன்றிக்கறி, அவகாடோ, முட்டை எல்லாம் அடுத்த தடவை. அமெரிக்கன் சீஸைக் கேவலமாக நினைக்க வேண்டாம்: அதில் சேர்க்கும் உப்புகளால் எண்ணெய் பிரியாமல் உருகி, கறியோடு ஒட்டிக்கொள்ளும். விலை உயர்ந்த செடார் சீஸ் பல நேரம் எண்ணெய் கக்கும்.

மாட்டுக்கறி வேண்டாம் என்பவர்களைச் சோகமாக உருளைக்கிழங்கு வறுவல் தின்ன விடாதீர்கள். அவென்யூ ஏ-யில் சுப்பீரியாரிட்டி பர்கர் முழுச் சைவக் கடை. கொண்டைக்கடலை, கீன்வா தானியம், வால்நட் சேர்ந்த வட்டம். சோம்பு வாசனை வரும். மற்ற கடைகளில் சைவ பர்கர் கேட்டால், மாட்டுக்கறி வேகும் அதே கல்லில்தான் போடுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள்.

பணக் கணக்கு: மெனுவில் 20 டாலர் என்றால் 20 டாலர் இல்லை. விற்பனை வரி 8.875 சதவீதம், உட்கார்ந்து சாப்பிட்டால் டிப்ஸ் 20 சதவீதம். 26 டாலர் நெருங்கும். பில்லில் டிப்ஸ் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், கூட்டமாகப் போனால் சேர்த்துவிடுவார்கள்.