லண்டனில் வேலை போனால்: முதல் ஐந்து வாரம்

வேலை போனதும் நான் செய்த முதல் பிழை, மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தது. ஈஸ்ட் ஹாமில் ஒற்றைப் படுக்கையறை வீடு, இரண்டு பிள்ளைகள், வெட்கம். அந்த மூன்று வாரக் காசு போனது போனதுதான். வேலையில்லாதவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை, யுனிவர்சல் கிரெடிட். அதற்கு விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு. முந்தைய நாட்களுக்குத் தருவது நோய் போன்ற சில காரணங்களுக்கு மட்டும், அதுவும் ஒரு மாதத்துக்கு மேல் இல்லை.

முதலில் விசாவைப் பாருங்கள். ‘நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (அரசு உதவித்தொகை வாங்கக்கூடாது) என்றிருந்தால் விண்ணப்பிக்காதீர்கள், விசாவுக்கே வில்லங்கம். எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும் இதே கதைதான். வங்கியில் 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தாலும் கிடைக்காது. கடைசிச் சம்பளம் வரவிருக்கிறதா? பெரிய தொகையென்றால் அது வந்த மறுநாள் விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்த பிறகு வந்தால் முதல் மாத வருமானமாகக் கழித்துவிடுவார்கள்.

அப்புறம் முதல் பணம் வர ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். அட்வான்ஸ் கேட்கலாம். வட்டி இல்லை, ஆனால் கடன்தான், மாதாமாதம் பிடிப்பார்கள். முழுவதையும் வாங்காமல் வாடகைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். ஜொப் சென்டருக்கு (இந்த உதவித்தொகையைப் பார்க்கும் அரசு அலுவலகம்) போகும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், இலவசம். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசவைக்காதீர்கள். என் மகள் ஒருநாள் பேசினாள், அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

சாப்பாட்டுக்கு ஃபூட் பேங்க், அதாவது இலவசமாக உணவுப் பொருள் தரும் இடம். பெரும்பாலும் வவுச்சர் (பரிந்துரைச் சீட்டு) வேண்டும். குடும்ப டாக்டர், பிள்ளையின் பள்ளிக்கூடம், சிட்டிசன்ஸ் அட்வைஸ் (இலவச ஆலோசனை நிலையம்) எங்காவது கேளுங்கள். ஃபூட் பேங்க் தர்ம அமைப்பு நடத்துவது, எனவே மேலே சொன்ன விசாக்காரரும் போகலாம். மூன்று நாளுக்கான பொருள் தருவார்கள்: பாஸ்தா, டின் மீன், தேயிலை, பெட்டிப் பால், பேக்ட் பீன்ஸ். அரிசி கேட்டால் சில நாள் இருக்கும். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். அந்த பீன்ஸ் இனிக்கும். வெங்காயம், கடுகு, கறிவேப்பிலை தாளித்து ஒரு கரண்டி யாழ்ப்பாணத்துத் தூள் போட்டால் பாணோடு இறங்கும். கேஸுக்கும் காசில்லையா, அதையும் சொல்லுங்கள்; கெட்டில் தண்ணீரிலேயே தயாராகும் சாமான் தனியாகக் கட்டித் தரும் இடங்கள் உண்டு.

கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கு உள்ளூராட்சிக்குக் கட்டும் வரி) தானாகக் குறையாது. அதற்குக் கவுன்சிலிடம் தனி விண்ணப்பம்; அதையும் அதே நாளில் போடுங்கள்.