செல்லில் எது இல்லை என்றும் பாருங்கள்

ஒரு குறிப்பிட்ட பணிக்கெனச் சிறப்படைந்த செல்களைப் பற்றிப் படிக்கும்போது, ஒரு செல்லில் எது இருக்கிறது என்பதோடு எது இல்லை என்பதையும் குறித்துக்கொண்டால், அமைப்புக்கும் பணிக்கும் உள்ள தொடர்பு எளிதில் மனத்தில் பதியும். மனிதனின் முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவில், செல்லின் செயல்களைக் கட்டுப்படுத்தும் உட்கரு இல்லாததால் அவ்விடத்தையும் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின் நிரப்புகிறது. ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லாததால், தான் சுமந்து செல்லும் ஆக்சிஜனை அது தன் ஆற்றல் தேவைக்கெனச் செலவழிப்பதில்லை. ஆனால், புதிய புரதங்களை உருவாக்கித் தன்னைச் சீர்செய்துகொள்ள இயலாத அந்த அணு ஏறத்தாழ 120 நாள்களே வாழ்கிறது. தாவரத்தில், சைலக்குழாய்ச் செல்கள் இறந்து உள்ளீடற்ற குழாயாக நிற்பதால்தான் நீர் தடையின்றி மேலேறுகிறது. உணவைக் கடத்தும், உட்கருவை இழந்த சல்லடைக்குழாய்ச் செல்லையோ அருகிலுள்ள துணைச்செல் பேணுகிறது. வேர்த்தூவியில், ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பசுங்கணிகம் இல்லாததற்குக் காரணம் சொல்லவே வேண்டியதில்லை, மண்ணுக்குள் வெளிச்சம் ஏது!