திருகோணமலையிலிருந்து ஒன்ராறியோ போகும் குடும்பங்களுக்கு: டேகெயார் அனுப்பும் வசந்தகாலக் கடிதம்

இங்கிருந்து பிள்ளைகளோடு கனடாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த ஜக்கெற் நல்லது, சப்பாத்தை இங்கே வாங்கிக்கொண்டு போகலாமா, பிள்ளைக்குச் சளி பிடிக்குமா என்று ஆயிரம் கேள்வி. பனிக்கு எல்லாரும் ஆயத்தமாகத்தான் போகிறார்கள். தடுமாறுவது பனி கரைந்த பிறகு. மார்ச் கடைசியில், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகெயாரிலிருந்து வசந்தத்துக்கும் கோடைக்கும் சேர்த்து ஒரு நீளமான கடிதம் வரும். தொப்பி, வெயில் கிரீம், தண்ணீர்ப் போத்தல் என்று பட்டியல். "வெயிலைப் பற்றி எங்களுக்கே சொல்லித் தருகிறார்களா?" என்று சிரித்துவிட்டு, கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி மறந்துவிடுவார்கள்.

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு டேகெயாரில் பல வருடம் வேலை செய்துவிட்டு இப்போது உவர்மலையில் இருக்கிறேன். அந்தக் கடிதத்தை அனுப்பும் பக்கத்தில் நின்றவள் என்பதால், அதில் எழுதியிருப்பதையும் எழுதாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். நான் சொல்வது ஒன்ராறியோ மாகாணக் கதை. வேறு மாகாணங்களில் விதி மாறும்.

முதலில் சேறு, பிறகுதான் வெயில்

வசந்தம் என்றதும் பூக்கள்தான் நினைவுக்கு வரும். ஏப்ரலில் ஸ்காபரோவில் நீங்கள் காணப்போவது சேறு. காலையில் இரண்டு மூன்று பாகை, பின்னேரம் பத்துப் பன்னிரண்டு, இடையில் ஒரு மழை. விளையாட்டு முற்றத்துப் புல் நாள் முழுக்கச் சதசதவென்று கிடக்கும். அந்தப் புல்லில்தான் உங்கள் பிள்ளை உருளும். இரண்டரை வயது தாண்டி, முழுநாளும் நிற்கிற பிள்ளைகள் நாளுக்கு இரண்டு மணித்தியாலமாவது வெளியே விளையாட வேண்டும் என்பது அங்கே விதி. காலநிலை இடம் கொடுத்தால் என்று ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் சும்மா தூறுகிற மழையை யாரும் அந்த விலக்கில் சேர்ப்பதில்லை. நம் ஊரில் மார்கழி மழைக்குப் பாலர் பாடசாலைக்கே பிள்ளையை விடமாட்டோம். அங்கே மழை உடுப்பை மாட்டி முற்றத்தில் இறக்கிவிடுவார்கள்.

அதனால் றப்பர் பூட்ஸ், தண்ணீர் புகாத காற்சட்டை, மெல்லிய மழை ஜக்கெற் மூன்றும் வேண்டும். கூடவே இரண்டு சோடி மாற்றுடுப்பு, அதில் காலுறையும் இருக்கட்டும். எல்லாரும் மறப்பது காலுறையைத்தான். புதிதாக வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். பாவித்த உடுப்பு விற்கிற கடைகளில் ஒரு வசந்தத்துக்கு மட்டும் போட்ட பூட்ஸ் நல்ல நிலையில் கிடைக்கும். பனிக்கால ஜக்கெற்றை ஏப்ரலிலேயே கட்டி மேல் தட்டில் ஏற்றவேண்டாம். மே நடுப்பகுதி வரை காலையில் ஏதாவது தடிப்பான உடுப்பு தேவைப்படும்.

எல்லாவற்றிலும் பெயர் எழுதச் சொல்லியிருப்பார்கள். இதை நம்மவர்கள் அலட்சியமாக விடுகிறார்கள். இரண்டரை வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் அறையில் இருபத்துநான்கு பேர் வரை இருக்கலாம். கொழுவிகளில் வரிசையாக நீல ஜக்கெற், கீழே ஒரே நிறத்தில் பூட்ஸ் சோடிகள், எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை. வெளியே போவதற்கு முன் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் ரீச்சர்மார் நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு காலாக மாட்டுவார்கள். பூட்ஸுக்குள்ளே, குதிக்கால் வைக்கிற இடத்தில் அழியாத பேனையால் பெயர் இருந்தால் ஒரு நொடியில் வேலை முடியும். அப்பாவின் பெயரை முன்னால் வைத்து எழுதாதீர்கள். எழுதினால் மூன்று வயதுப் பெடியனை வருடம் முழுக்கத் தகப்பன் பெயரால்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதுங்கள், அது போதும்.

நம் பிள்ளைக்கு வெயில் பழக்கம்தானே?

கிரீம் விஷயத்தில்தான் வாக்குவாதம் வரும், அதுவும் கூடவே வந்த அம்மம்மாவோடு. திருகோணமலை உச்சி வெயிலுக்கு முன் ரொறன்ரோ வெயில் ஒன்றுமில்லை என்பது உண்மைதான். ஆனால் இங்கே பதினொரு மணிக்குப் பிறகு நாம் பிள்ளையை முற்றத்தில் விடுகிறோமா? டச் பே கடற்கரைக்குக் கூட்டிப்போவதே ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்த பிறகு. அங்கே வெயிலைப் பார்த்து வெளியே போவதில்லை, மணிக்கூட்டைப் பார்த்துத்தான் போவார்கள். முற்பகல் ஒரு சுற்று, பின்னேரம் மூன்று மணியளவில் இன்னொரு சுற்று. கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருப்பதால் சூரியன் உச்சிக்கு வருவதே ஒரு மணி கழிந்துதான். ஆக, அங்கத்தைய மூன்று மணி நம் கணக்கில் இன்னும் நல்ல வெயில். வானிலைச் செய்தியில் புற ஊதாக் கதிரின் அளவை ஒரு எண்ணாகச் சொல்வார்கள். அது மூன்றைத் தொட்டாலே தொப்பியும் கிரீமும் வேண்டும் என்பது அங்கே நடைமுறை. ஜூன், ஜூலையில் மதியத்தில் அது ஏழு எட்டுக்குப் போகும். நிறம் கறுப்பாக இருந்தாலும் தோல் எரியும், கொஞ்சம் மெதுவாக எரியும், அவ்வளவுதான்.

கிரீம் போடுவதற்கு நீங்கள் எழுத்தில் அனுமதி தரவேண்டும். அந்தப் படிவம் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். கையெழுத்துப் போடாவிட்டால் ரீச்சர் கிரீமைத் தொடமாட்டார். பிள்ளை உள்ளேயே இருக்க நேரிடும், அல்லது உங்களுக்கு வேலையிடத்துக்குத் தொலைபேசி வரும். காலையில் முதல் பூச்சை வீட்டிலேயே போட்டு அனுப்புங்கள். மதிய நித்திரைக்குப் பிறகு இரண்டாவது பூச்சு அவர்கள் பொறுப்பு. காப்பு எண் (SPF) முப்பதோ அதற்கு மேலோ உள்ள போத்தலாக, பெயர் எழுதிக் கொடுங்கள். விசிறி அடிக்கிற வகையைப் பல இடங்களில் வாங்கமாட்டார்கள், பக்கத்துப் பிள்ளை மூச்சில் போய்விடும் என்று. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கிரீம் பூசுவதில்லை. நிழலும் மெல்லிய நீளக்கை உடுப்பும்தான் காப்பு. தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்று அம்மம்மா சொல்லுவா. தோலுக்கு நல்லது, வெயிலுக்கு அது காப்பில்லை. காலையில் எண்ணெயைத் தடவிவிட்டு அதன் மேல் கிரீம் பூசினால் கிரீமும் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் வைப்பதை இரவுக்கு மாற்றுங்கள்.

தொப்பிக்கு விளிம்பு அகலமாக இருக்கட்டும். தாடைக்குக் கீழே கட்டுகிற நீளமான நாடா வேண்டாம், எங்காவது கொழுவிக்கொள்ளும். அதே காரணத்துக்காகக் கழுத்துச் சங்கிலி, பஞ்சாயுதம், கோயில் நூல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். கோடையில் பிள்ளைகள் ஏணியிலும் சறுக்குமரத்திலும் ஏறும் நேரம் கூடும். கழுத்தில் இருப்பது எங்காவது கொழுவினால் பிள்ளை தொங்கிவிடும். நம் சமயத்தைக் குறை சொல்கிறார்கள் என்று சில குடும்பங்கள் மனம் நோவதைக் கண்டிருக்கிறேன். அப்படியில்லை. சிலுவை போட்ட பிள்ளைக்கும் அதே சட்டம்தான். அரைஞாண் உடுப்புக்குள்ளே இருப்பதால் பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இருந்தாலும் ரீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

தண்ணீர் விளையாடும் நாளுக்கு நீச்சலுடுப்பு, துவாய், பின்பக்கம் பட்டி உள்ள செருப்பு. பாட்டா செருப்பு போட்டுக்கொண்டு ஈரச் சீமெந்தில் ஓடினால் விழும். நீச்சல் குளம் என்று நினைத்துப் பயப்படவேண்டாம், தண்ணீர் தெளிக்கிற குழாயும் தண்ணீர் மேசையும்தான்.

பூங்காவுக்குக் கூட்டிப்போனால் வீடு வந்ததும் உண்ணி பாருங்கள். கோட்டைப் பக்கம் மானுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஸ்காபரோவின் கிழக்கே றூஜ் பள்ளத்தாக்குப் பகுதியில் கறுப்புக்கால் உண்ணி இருக்கிறது. அது லைம் என்ற நோயைக் கொண்டுவரக்கூடியது. காதுக்குப் பின்னால், பிடரி முடிக்குள், இடுப்புப் பட்டி, முழங்கால் மடிப்பு: இந்த இடங்களைக் குளிக்கவார்க்கும்போது தடவிப் பார்த்தால் போதும். ஒட்டியிருந்தால் நசுக்காமல், சிறு இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் உண்ணியைப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சில நாள்களில் வெயில் நன்றாக இருந்தும் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். 2023 ஜூனில் கியூபெக், ஒன்ராறியோ காடுகள் எரிந்த புகை ரொறன்ரோவையே மூடியது. அதற்குப் பிறகு காற்றின் தர எண்ணையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அன்றைக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்து கூரையைப் பிய்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நித்திரைதான் யாரும் எதிர்பாராத தலையிடி. இங்கே வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். அங்கே ஜூன் கடைசியில் ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும். எட்டு மணிக்குப் படு என்றால், "பகலாக இருக்கிறதே" என்று பிள்ளை யன்னலைக் காட்டும். நியாயமான கேள்விதான். தடித்த இருட்டுத் திரை ஒன்று வாங்கிப் போடுங்கள். எல்லாப் பணத்திலும் பிரயோசனமான செலவு அதுதான் என்பேன். மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மணிக்கூடு மாறிய பிறகு நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், பனிக்காலத்தில் பத்தரை. ஊரில் இருக்கிற அம்மப்பாமார் இதைக் குறித்து வைத்தால், பிள்ளை டேகெயாருக்கு வெளிக்கிடுகிற அமளியில் வீடியோ அழைப்பு எடுக்காமல் இருக்கலாம்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: கச்சான் எந்த வடிவத்திலும் உள்ளே போகக்கூடாது, கச்சான் அல்வாவும் சேர்த்து. ஊரிலிருந்து வந்த பொதியைப் பிரித்த கையோடு பிள்ளையின் பைக்குள் ஒரு துண்டு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கோடையில் குடும்பங்களை அழைத்து ஒரு வாட்டல் விருந்து (பார்பிகியூ) வைப்பார்கள். அங்கே பொதுவாக மாடு அல்லது பன்றி இறைச்சிச் சொசேஜ்தான். சைவம் என்றால், மாடு சாப்பிடமாட்டோம் என்றால், பதிவுப் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கு வந்து சொன்னால் பிள்ளைக்கு வெறும் பாண்தான் மிஞ்சும்.

கடிதத்தில் இல்லாதவை

பிள்ளையை வேறு அறைக்கு மாற்றுகிறோம் என்று திடீரென்று சொல்வார்கள். என் பிள்ளை ஏதும் குழப்படியா என்று பதறவேண்டாம். செப்டெம்பரில் மூத்த பிள்ளைகள் பாடசாலைக்குப் போக, கீழே உள்ளவர்கள் ஒரு படி மேலே ஏறுகிறார்கள். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வரை ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு ரீச்சர், அதற்கு மேல் எட்டுப் பேருக்கு ஒருவர். ஆகவே கவனிப்பு கொஞ்சம் குறைந்தது போலத் தெரியும். மாறுவதற்கு முன் சில நாள் புதிய அறையில் ஒரு மணித்தியாலம் இருந்து பழக விடச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள்.

பணக் கணக்கு இந்தக் காலத்தில்தான் தீர்மானமாகிறது. ஏப்ரல் 30க்குள் வருமான வரிப் பத்திரம் கொடுக்க வேண்டும். வந்து நாலு மாதம்தான், உழைப்பு ஒன்றும் இல்லை என்றாலும் கொடுங்கள், கணவன் மனைவி இருவரும். பிள்ளைகளுக்கு மாதாமாதம் வருகிற அரச உதவிப் பணம் ஜூலையில் புதுக் கணக்காகத் தொடங்கும். அது முந்தைய வருடப் பத்திரத்தை வைத்துத்தான். பத்திரம் போகவில்லை என்றால் பணம் நின்றுவிடும். டேகெயார் கட்டணத்துக்கு நகரசபை தருகிற சலுகைக்கும் அதே கணக்குத்தான் கேட்பார்கள். மார்ச், ஏப்ரலில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் தொண்டர்கள் இலவசமாகவே பத்திரம் நிரப்பித் தருகிறார்கள். டேகெயார் கட்டணப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வருடம் 8,000 டொலர் வரை வருமானத்தில் கழிக்கலாம், பொதுவாக வருமானம் குறைந்தவரின் கணக்கில். 2025 தொடக்கத்திலிருந்து, அரசின் கட்டணக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 22 டொலருக்கு மேல் அடிப்படைக் கட்டணம் வாங்க முடியாது. ஆகவே சேரும்போதே, இந்தத் திட்டத்தில் இருக்கிறீர்களா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆடி அமாவாசைக்குத் திருக்கோணேஸ்வரத்தில் நிற்க வேண்டும், அம்மாவையும் பார்க்க வேண்டும் என்று ஜூலை, ஓகஸ்டில் ஊருக்கு வருவீர்கள். வாருங்கள். ஆனால் பிள்ளை வராத நாள்களுக்கும் பெரும்பாலும் கட்டணம் ஓடும். சலுகை பெறுகிற குடும்பங்களுக்கு வருடத்தில் எத்தனை நாள் வராமல் இருக்கலாம் என்று எல்லை இருக்கிறது. பயணச்சீட்டுக்கு முன் அதை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விக்டோரியா தினம், ஜூலை 1, ஓகஸ்ட் முதல் திங்கள், செப்டெம்பர் முதல் திங்கள் போன்ற விடுமுறைகளில் டேகெயார் பூட்டியிருக்கும். உங்கள் தொழிற்சாலை திறந்திருக்கலாம், அந்த நாள்களுக்கு இப்போதே ஆள் பாருங்கள்.

பிள்ளைக்கு அந்த வருடம் டிசெம்பர் 31க்குள் நான்கு வயது ஆகிறதென்றால் செப்டெம்பரில் பாடசாலை, அதுவும் இலவசம். நல்ல செய்தி. ஆனால் பாடசாலை பின்னேரம் மூன்று, மூன்றரைக்கு விட்டுவிடும், வேலை ஐந்து மணி வரை. இடையில் பார்த்துக்கொள்ளும் திட்டத்துக்கு இடம் குறைவு. கோடை விடுமுறையில் ஆறுதலாகப் பார்க்கலாம் என்று விட்டவர்களுக்குக் கிடைப்பது காத்திருப்போர் பட்டியல்தான். பாடசாலைப் பதிவு ஜனவரி, பெப்ரவரியிலேயே தொடங்கிவிடும். பதிந்த அன்றைக்கே இதற்கும் பெயர் கொடுங்கள். பிறகு டேகெயாருக்கு, பிள்ளை எந்தத் திகதியோடு நிற்கிறது என்று எழுத்தில் அறிவியுங்கள். எத்தனை கிழமைக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பது நீங்கள் முதல் நாள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கும். வாயால் சொன்னது கணக்கில் வராது, செப்டெம்பர் கட்டணத்தையும் வங்கியில் எடுத்துவிடுவார்கள்.